லெஸ்வோஸில் ஒரு வசந்தம்: பறவை பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இரண்டு வசந்தங்களை கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவில் பறவை பார்த்துக் கழித்தேன். திரும்பி வந்ததிலிருந்து நண்பர்களும், அவர்களுடைய நண்பர்களும் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

லெஸ்வோஸ் எங்கே இருக்கிறது? பறவைகள் ஏன் அங்கே வருகின்றன?

ஏஜியன் கடலின் வடகிழக்கு மூலையில், துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிறது. வடக்குக் கரையில் நின்றால் எதிரே துருக்கி மலைகள் தெளிவாகத் தெரியும். நடுவில் உள்ள கடல் பத்து கிலோமீட்டர் அளவுதான். கிரேக்கத் தீவுகளில் பரப்பளவில் இது மூன்றாவது, 1,600 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆகவே 'ஒரு சின்னத் தீவு, ஒரே நாளில் சுற்றிவிடலாம்' என்று நினைத்து வராதீர்கள்.

குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்த பறவைகள் கோடிக்கணக்கில் மார்ச்சிலிருந்து மே வரை வடக்கே திரும்புகின்றன. சகாராவைத் தாண்டி, கடலையும் தாண்டி வரும்போது களைப்பும் பசியும் உச்சத்தில் இருக்கும். கீழே ஈரநிலமும் மரமும் பூச்சியும் உள்ள ஒரு தீவு தெரிந்தால் இறங்கிவிடும். லெஸ்வோஸில் உப்பளம், ஆறு, பைன் காடு, ஒலிவத் தோப்பு, மொட்டைப் பாறை மலை எல்லாமே உண்டு. மேற்குப் பகுதியில் தூரத்துக்கு ஒரு மரம் தெரியாது. கிழக்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஒலிவ மரங்கள். அதோடு துருக்கியின் பறவைகள் சில ஐரோப்பாவுக்குள் எட்டிப் பார்க்கிற இடமும் இதுதான்.

மால்டாவும் சைப்ரஸும் கூட மத்தியதரைக் கடல் தீவுகள்தானே? அங்கே ஏன் போகவில்லை?

பறவைகள் அங்கேயும் வருகின்றன. ஆனால் மால்டாவில் வசந்த கால வேட்டை இன்னும் நடக்கிறது. அதைத் தடை செய்யலாமா என்று 2015 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மயிரிழையில் வேட்டைக்காரர்கள் பக்கம் வென்றது. சைப்ரஸில் பாடும் குருவிகளைப் பசை தடவிய குச்சியிலும் வலையிலும் பிடித்துச் சாப்பிடும் வழக்கம் உண்டு. சட்டம் தடுத்தும் அது முழுசாக ஒழியவில்லை. அங்கே இதை எதிர்த்துப் போராடும் உள்ளூர்க்காரர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. அவர்களுக்குத் துணையாகப் போவதும் நல்ல காரியம்தான். ஆனால் முதல் பயணத்தில் காலை நேரத்துத் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல் 20-லிருந்து மே 5 வரை. ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான். ஏப்ரல் முதல் பாதியில் போனால் பூக்கள் அருமையாக இருக்கும், ஆனால் சினீரியஸ் பன்டிங் என்ற சாம்பல் குருவி மாதிரி சில பறவைகள் அப்போதுதான் வந்து சேரத் தொடங்கும். மே முதல் வாரத்துக்குத் தள்ளினால் ஒலிவத் தோப்புக் கதிர்க்குருவியும், வாலை விசிறி போல் விரிக்கும் செவ்வால் புதர்க்குருவியும் கிடைக்க வாய்ப்பு கூடும்.

இன்னொன்றையும் பாருங்கள்: கிரேக்கர்களின் ஈஸ்டர் நம்மூர்க் காலண்டரில் போட்டிருக்கும் ஈஸ்டரோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. 2026-இல் அது ஏப்ரல் 12. 2027-இல் மே 2. அந்த வாரம் ஊருக்குத் திரும்புகிறவர்களால் கப்பலும் விமானமும் நிரம்பி வழியும், கடைகள் மூடியிருக்கும். பண்டிகையைப் பார்க்க ஆசை இருந்தால் வேண்டுமென்றே அந்த வாரத்தில் போகலாம். இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள்.

பேதை உள்ளான், கொசு உள்ளான் எல்லாம் கோடியக்கரையிலேயே இருக்கின்றனவே. அவற்றைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

கோடியக்கரை உப்பளத்தில் டிசம்பரில் நாம் பார்க்கும் உள்ளான்கள் பெரும்பாலும் சாம்பலும் பழுப்பும்தான். கையேட்டைப் புரட்டினால் பக்கத்திலேயே இன்னொரு படம் இருக்கும், இனப்பெருக்க கால உடையில். அந்தப் படத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பறவையை அந்தக் கோலத்தில் நேரில் பார்த்ததில்லை. ஏப்ரல் கடைசியில், கிளம்புவதற்கு முன்னால் லேசாகச் சிவக்கத் தொடங்கிய ஒன்றிரண்டை நம்மூரில் பார்த்திருப்போம், அவ்வளவுதான்.

லெஸ்வோஸின் கல்லோனி உப்பளத்தின் ஓரத்தில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். பத்தடி தள்ளி ஒரு பேதை உள்ளான் ஆண். கழுத்தைச் சுற்றிக் கருஞ்சிவப்புப் பிடரி, பாதிதான் வளர்ந்திருந்தது. தலையில் இரண்டு பக்கமும் குடுமி மாதிரி இறகு. காற்று அடிக்கும்போது பிடரி ஒரு பக்கமாகச் சாயும். அது உடனே தலையை உதறி நேராக்கிக்கொண்டு, மறுபடி சேற்றில் மூக்கை விட்டுத் தேடும். கண்ணைச் சுற்றிய தோல் பருப்பருவாக மாறத் தொடங்கியிருந்தது. அதன் பின்னாலேயே ஒரு வளைமூக்கு உள்ளான், செங்கல் நிறத்தில். நம்மூரில் நூறு தடவை பார்த்த பறவை. அன்று பெயர் சொல்ல எனக்கு அரை நிமிடம் பிடித்தது.

இவை நம்மூருக்கு வருகிற அதே பறவைகள் என்று நினைத்துவிட வேண்டாம். இனம் ஒன்று, ஆனால் லெஸ்வோஸ் வழியாகப் போகிறவை ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்தவை.

நேரடித் தொடர்பு வேண்டுமென்றால் கருந்தலை பன்டிங்கைச் சொல்ல வேண்டும். கருப்புத் தலை, எலுமிச்சை மஞ்சள் வயிறு. மே மாதம் லெஸ்வோஸின் மின்கம்பிகளில் உட்கார்ந்து பாடும். ஐரோப்பாவின் கோடை விருந்தாளிகள் பெரும்பாலும் குளிருக்குத் தெற்கே ஆப்பிரிக்கா போகும்போது, இதுவோ கிழக்கே திரும்பி இந்தியாவுக்கு வருகிறது. மகாராஷ்டிரத்தின் சோள வயல்களில் கூட்டமாக மேய்வது இதே பறவைதான். அது நம் நாட்டில் தின்றுவிட்டுப் போய், அங்கே கம்பியில் உட்கார்ந்து பாடுவதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

எந்த ஊரில் தங்குவது?

ஸ்கலா கல்லோனி. கல்லோனி வளைகுடாவின் கரையில் உள்ள மீனவ ஊர். தீவின் ஏறக்குறைய நடுவில் இருப்பதால் எந்தத் திசைக்கும் போகலாம். நடந்தே ஆற்றுக்கும், கரையோர ஈரநிலத்துக்கும் போய்விடலாம். வசந்தத்தில் அங்கே தங்குகிறவர்களில் பாதிப் பேர் கழுத்தில் பைனாகுலரோடுதான் இருப்பார்கள். காலை உணவு மேசையிலேயே 'நேற்று எங்கே, என்ன' என்ற தகவல் கிடைத்துவிடும். செங்கால் நாரை ஊருக்குள்ளேயே கூடு கட்டியிருக்கும்.

தீவின் தலைநகர் மிட்டிலினியில் தங்காதீர்கள். அழகான ஊர்தான், ஆனால் தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டி வரவேண்டும், விடியற்காலை போய்விடும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஏப்ரல் கடைசியில் சூரியன் காலை சுமார் 6:20-க்கு எழுந்து இரவு 8 மணிக்கு மறையும். நான் ஐந்தரைக்கு எழுந்து, ஃபிளாஸ்க்கில் காபியோடு முதலில் உப்பளம் போவேன். உள்ளே போக அனுமதி கிடையாது. சுற்றிப் போகும் மண்சாலையிலிருந்தே எல்லாம் தெரியும். பூநாரைகள் நடுவில் நிற்கும். ஓரங்களில் பவளக்கால் உள்ளான், கோணமூக்கு உள்ளான், பொறி உள்ளான். காற்று திசை மாறிய அன்று, முந்தின நாள் ஒன்றுகூட இல்லாத இடத்தில் வெண்சிறகுக் கருப்பு ஆலாக்கள் இருபது முப்பது தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்துகொண்டிருக்கும்.

அடுத்து த்ஸிக்னியாஸ் ஆறு. கிரேக்க மொழியில் த்ஸிக்னியாஸ் என்றாலே நாரைதான். பெயருக்கு ஏற்ற ஆறு. கரையோரம் வண்டிப்பாதை உண்டு. கருநாரை ஆழமில்லாத தண்ணீரில் மெதுவாக நடந்து மீன் தேடும், நாணலிலிருந்து சிறு குருகு எட்டிப் பார்க்கும். மெட்டோஹி என்று ஒரு சின்னக் குட்டை இருக்கிறது, பெயரில்தான் ஏரி. அங்கே சாயங்காலம் கானாங்கோழிகளைப் பார்க்கலாம். தவளைச் சத்தம் காதைப் பிளக்கும்; பொறுமையாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், நாணல் அடியிலிருந்து கோழி வெளியே வந்து, ஆள் இருப்பதையே கண்டுகொள்ளாமல் காலடி வரை மேய்ந்துவிட்டுப் போகும்.

என் ஒரே அறிவுரை: ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதிகம் போனால் மூன்று. 'அங்கே அது வந்திருக்கிறது, இங்கே இது வந்திருக்கிறது' என்று கேள்விப்பட்டதற்கெல்லாம் ஓடினால் பாதி நாள் சாலையில் கழியும். வலசைப் பறவை இன்று இருக்கும், நாளை இருக்காது. ஆனால் நீங்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் அடுத்தது அங்கேயே வந்து இறங்கும். முதல் பயணத்தில் ஓடினேன், இரண்டாவதில் உட்கார்ந்தேன். இரண்டாவது பயணத்தின் காட்சிகள்தான் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன.

குரூப்பர் நட்ஹாட்ச் நிச்சயம் கிடைக்குமா?

பறவை விஷயத்தில் நிச்சயம் என்று எதையும் சொல்ல முடியாது. இருந்தாலும் இதற்கு வாய்ப்பு மிக அதிகம். துருக்கியிலும் அதை ஒட்டிய காக்கசஸ் பகுதியிலும் வாழும் பறவை இது. கிரேக்கத்தில் லெஸ்வோஸில் மட்டும்தான். வளைகுடாவின் கிழக்குக் கரையில் அஹ்லதேரி பைன் காட்டுக்குப் போங்கள். பட்டுப்போய் மேல்பாகம் முறிந்த பைன் கட்டைகளைத் தேடுங்கள். அந்த மக்கிய மரத்தில்தான் அது ஓட்டை போட்டுக் கூடு வைக்கும்.

நான் பார்த்த கூடு என் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை. இருபது அடி தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்து நின்றேன். பெட்டை வாய் நிறையப் பூச்சியோடு வந்து, கட்டையில் தலைகீழாக இறங்கி, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. வெளியே வரும்போது அலகில் குஞ்சின் எச்சப் பை, வெள்ளையாக. அதைத் தூரக் கொண்டுபோய் ஒரு கிளையில் துடைத்துவிட்டு மறுபடி பூச்சி தேடப் போனது. மார்பில் குங்குமத்தை அப்பிய மாதிரி ஒரு செம்பழுப்புத் திட்டு, முன்நெற்றியில் கருப்பு. பத்து நிமிடத்தில் நான்கு தடவை வந்தது.

பத்து நிமிடத்தோடு கிளம்பிவிட்டேன். உங்களையும் அப்படியே கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டைப் பார்க்க ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் நின்றால் குஞ்சு பட்டினி கிடக்கும்.

தீவின் மேற்குப் பக்கம் போகலாமா? தூரம் அதிகமாமே?

போகாமல் இருக்காதீர்கள். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வழியில் இப்ஸிலு மடாலயம், அணைந்த எரிமலை ஒன்றின் உச்சியில் இருக்கிறது. மடாலயத்துக்கு ஏறும் வளைவுப் பாதையில், பாறைகளுக்கு நடுவே சினீரியஸ் பன்டிங் பாடும். சாம்பல் உடம்பு, மங்கலான மஞ்சள் தலை. பார்க்க எளிமையான பறவை. ஐரோப்பாவில் இதைப் பார்க்கக் கூடிய இடங்கள் மிகக் குறைவு என்பதால் எல்லோரும் இதைத் தேடி வருகிறார்கள். நீலச்சாம்பல் தலையும் செம்மஞ்சள் தொண்டையுமாக கிரெட்ஷ்மர் பன்டிங்கும் அங்கேயே உண்டு.

மேற்குக் கோடியில் சிக்ரி. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லான காடு அங்கே இருக்கிறது; அருங்காட்சியகமும் உண்டு. சிக்ரிக்கு வடக்கே ஃபனெரோமெனி: கொஞ்சம் அத்திமரம், கொஞ்சம் நாணல், ஒரு ஓடை. மொட்டை மலைக்கு நடுவில் பச்சையாகத் தெரிவது அது ஒன்றுதான் என்பதால், கடலிலிருந்து வருகிற பறவை நேராக அங்கேதான் இறங்கும்.

மழை பெய்து, வடகாற்று எதிர்த்து அடிக்கிற நாளில் அங்கே இருங்கள். எனக்கு அப்படி ஒரு காலை கிடைத்தது. ஒரே அத்திமரத்தில் மாங்குயில் நான்கு, கீழே வேலிக் கம்பியில் ஈப்பிடிப்பான்கள் வரிசையாக, புல்லில் மஞ்சள் வாலாட்டிகள். ஒரு சின்னக் கதிர்க்குருவி என் காலணிக்குப் பக்கத்தில், தரையிலேயே நனைந்து உட்கார்ந்திருந்தது. இறகு உடம்போடு ஒட்டி, கண் பாதி மூடி. பயப்படக்கூட அதற்குத் தெம்பில்லை. நான் அசையாமல் நின்றேன். கால் மணி நேரம் கழித்து ஒரு எறும்பைக் கொத்தியது, பிறகு இன்னொன்று. அப்புறம் புதருக்குள் போய்விட்டது.

கார் கட்டாயமா?

ஆமாம். பஸ் உண்டு, ஆனால் பறவைக்கு ஏற்ற நேரத்துக்கு ஓடாது. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்லுங்கள். சாலையில் வலப்பக்கம் ஓட்டவேண்டும். மண்பாதைகளில் கல் அதிகம். எனக்கு ஒரு தடவை டயர் கிழிந்து, வாடகைக் காரின் இன்சூரன்ஸில் டயர் சேராது என்பது அப்போதுதான் தெரியவந்தது. சாவி வாங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் ஆடுகள் வெளியேறாமல் இருக்கப் போட்ட கதவுகள் வரும். மூடியிருந்தால் திறந்து போய்விட்டு மறுபடி மூடுங்கள்.

எப்படிப் போவது? விசா?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏதென்ஸிலிருந்து மிட்டிலினிக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலும் உண்டு. நேரம் இருந்தால் ஒரு வழிக்காவது கப்பலில் போங்கள். விடியும்போது மேல்தளத்தில் நின்றால் அலையைத் தொட்டுப் பறக்கும் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் தெரியும்.

எந்தப் பைனாகுலர்? ஸ்கோப் வேண்டுமா?

8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.) போதும். உப்பளத்துக்கு மட்டும் ஸ்கோப், அதாவது முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி, இருந்தால் நல்லது. அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால் தயங்காமல் பார்க்க விடுவார்கள். காற்று புகாத ஜாக்கெட் எடுத்துச் செல்லுங்கள். விடியற்காலை உப்பளக் காற்று எலும்பு வரை போகும்.

படம் எடுக்கத் தடை ஏதும் உண்டா?

பறவைக்கு இல்லை, ராணுவத்துக்கு உண்டு. எல்லைத் தீவு என்பதால் அங்கங்கே முகாம்கள் இருக்கின்றன. 'படம் எடுக்காதே' என்று பலகை இருந்தால் கேமராவை மட்டுமல்ல, பைனாகுலரையும் கீழே இறக்குங்கள். 2001-இல் கிரேக்கத்தின் கலமாட்டாவில், விமானம் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பிரிட்டிஷ், டச்சுக்காரர்கள் 14 பேரை உளவாளிகள் என்று கைது செய்தார்கள். மேல்முறையீட்டில் விடுதலையாக ஒரு வருடம் ஆனது.

செல்போனில் குரலை ஒலிக்க விட்டுப் பறவையை வரவழைக்கலாமா?

கூடாது. அது தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, கூட்டை விட்டுவிட்டு வருகிறது. ஆயிரம் மைல் பறந்து வந்து மிச்சமிருக்கும் சக்தியை இப்படி வீணாக்க வைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலத்தில் கிரேக்கர்களே இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். 'நிஸ்திசிமா' என்று கேட்டால் நோன்புச் சாப்பாடு தருவார்கள்: பெரிய வெள்ளை மொச்சை, கொண்டைக்கடலை, திராட்சை இலையில் சுற்றிய சோறு, எலுமிச்சை பிழிந்த கீரை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் கல்லோனி மத்தி மீனை விட்டுவிட வேண்டாம்.

கூட வருகிறவருக்குப் பறவையில் ஆர்வம் இல்லை. குழந்தைகளும் உண்டு.

கல் காடு, மொலிவோஸ் கோட்டை, பொலிக்னிடோஸ் வெந்நீர் ஊற்று, எல்லாம் உண்டு. ஒலிவத் தோப்பில் பாரசீக அணிலைத் தேடச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் லெஸ்வோஸைத் தவிர வேறெங்கும் அது கிடையாது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அரிஸ்டாட்டில் கதையைச் சொல்லலாம். சுமார் 2,350 ஆண்டுகளுக்கு முன் அவர் இந்தத் தீவில் வாழ்ந்து, இதே கல்லோனி வளைகுடாவின் உயிரினங்களை ஆராய்ந்து எழுதினார். அவ்வளவு கூர்ந்து பார்த்தவருக்கும் வலசை முழுதாகப் பிடிபடவில்லை. கோடையில் இருக்கும் செவ்வால் குருவி, குளிர் வந்தால் செம்மார்பு ராபினாக உருமாறுகிறது என்று எழுதி வைத்தார். ஒன்று போவதும் இன்னொன்று வருவதும் ஒரே சமயத்தில் நடந்ததால் அப்படித் தோன்றியிருக்கிறது.

அகதிகள் வந்து இறங்கிய தீவு அதுதானே? இப்போது சுற்றுலா போவது சரியா?

அதே தீவுதான். 2015-இல் மட்டும் சுமார் 5 லட்சம் பேர் ரப்பர் படகுகளில் அந்தத் தீவுக்கு வந்தார்கள். அந்தக் கடலில் இறந்துபோனவர்களும் உண்டு. கரை இறங்கியவர்களைத் தூக்கிவிட்டு, குழந்தைகளுக்குப் பால் கொடுத்தவர்கள் அங்குள்ள மீனவர்களும் பாட்டிமார்களும்தான். பிறகு மொரியா முகாமில் ஆயிரக்கணக்கானோர் அடைபட்டுக் கிடந்ததும், 2020 செப்டம்பரில் அது எரிந்ததும் செய்தியில் வந்தவை.

போவது சரி என்றே நினைக்கிறேன். அந்த வருடங்களில் சுற்றுலாப் பயணிகள் வராமல் போனதில் அடிபட்டது அதே மக்களின் பிழைப்புதான். ஆனால் பறவை பார்த்துக்கொண்டே கண்ணை மூடிக்கொள்ள முடியாது. வடக்குக் கரையில் ஒரு மதியம், துருக்கிப் பக்கமிருந்து பஞ்சுருட்டான் கூட்டமொன்று கூவிக்கொண்டே வந்து என் தலைக்கு மேல் தாண்டிப் போனது. எந்தக் காகிதமும் கேட்காத அதே பத்து கிலோமீட்டர். நான் நின்ற கூழாங்கல் கரையில், உப்பேறி வெளுத்த ஒரு சிறு பிள்ளையின் லைஃப் ஜாக்கெட் பாதி புதைந்து கிடந்தது.

கடைசியாக: எத்தனை நாள் வேண்டும்?

எட்டு நாள். காற்றும் மழையும் ஒரு தடவையாவது திசை மாற அவ்வளவு நாள் தேவை. நான்கு நாள்தான் முடியும் என்றால் மேற்கே ஒரு நாள், அஹ்லதேரிக்கு ஒரு காலை, மீதி நேரம் முழுக்க உப்பளமும் ஆறும். பார்த்ததை அன்றன்றே இபேர்ட் (eBird) என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். அடுத்த நாள் அதே பாதையில் வருகிறவருக்கு உதவும்.